22 நிமிட பில்டுக்கு விடை: ஒரு நன்றி மடல்

அக்காவுக்கும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆப்ஸ் டீம் அண்ணனுக்கும், "பேரெல்லாம் போடாதீங்க" என்று முன்கூட்டியே மிரட்டிவிட்ட தம்பிக்கும்,

வணக்கம். நேற்று சாயங்காலம் கோடில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, புஷ் செய்து சர்வருக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ ஆறுவதற்குள் பில்டு, அதாவது கோடை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டும் வேலை, முடிந்து பச்சையாகிவிட்டது. போன மாதம் வரை அதற்கு 22 நிமிடம்.

அக்கா, "பில்டு ஓடுற மெஷினை, அந்த ரன்னரைப் பெருசாக்கணும்" என்று நான் குதித்தபோது, "முதல்ல பில்டு பதிவை, அந்த லாகைக் காட்டுப்பா" என்றீர்கள். டாக்கர்ஃபைலில், அதாவது இமேஜை (ஆப்பும் அதற்குத் தேவையானதும் அடங்கிய பொட்டலத்தை) கட்டும் கட்டளைப் பட்டியலில், கோடு முழுவதையும் காப்பி செய்துவிட்டு, அதற்குக் கீழே என்பிஎம் இன்ஸ்டாலை (தேவையான பேக்கேஜ்களை இறக்கும் கட்டளையை) வைத்திருந்தேன். ஒரு லேயர் (ஒரு கட்டளையின் விளைவு) மாறினால் அதற்கு அடுத்த எல்லாமே மறுபடி ஓடும்; கோடில் ஒரு எழுத்து மாறினாலும் இன்ஸ்டால் மறுபடி ஓடியது. இன்டர்வியூவில் நானே பிறரிடம் கேட்கிற கேள்வி இது! எந்தப் பேக்கேஜ்கள் வேண்டும் என்று சொல்லும் பேக்கேஜ் ஜேசனையும் லாக் (lock) ஃபைலையும் மட்டும் முதலில் காப்பி செய்து, இன்ஸ்டாலை மேலே ஏற்றினோம்.

என் லேப்டாப்பில் பறந்தது. புஷ் செய்ததும் தானாக பில்டு ஓட்டும் சிஐயில் அசையவே இல்லை. இறக்கிய பேக்கேஜ்களை அடுத்த பில்டுக்குச் சேமித்துவைக்கும் கேச் மவுன்ட்டும் போட்டுப் பார்த்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்போதுதான் தம்பி, நீ கேட்டாய்: "ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினே புதுசா வருதே அண்ணே, கேச் எங்கேருந்து வரும்?" சுருக்கென்று இருந்தது, உண்மையைச் சொன்னால்.

டாக்கரின் பில்டு இன்ஜினான பில்ட்கிட்டின் கேச்சை, இமேஜ்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, அடுத்த ஜாபில் அங்கிருந்தே இழுக்க வைத்தோம். அப்படியும் இன்ஸ்டால் ஓடிக்கொண்டேதான் இருந்தது. எங்களுடையது பல கட்டங்களில் ஓடும் மல்டி ஸ்டேஜ் பில்டு; கடைசி ஸ்டேஜ்தான் இமேஜாகும். இன்ஸ்டால் நடப்பது முதல் ஸ்டேஜில். எந்த லேயர்களைக் கேச்சாக ஏற்றுவது என்று சொல்லும் மோடு தானாக 'மின்' என்றே இருப்பதால் கடைசி இமேஜின் லேயர்கள் மட்டும்தான் மேலே போயின. எல்லா ஸ்டேஜ்களையும் ஏற்றும் 'மேக்ஸ்' என்று மாற்றியது நீதான். கேச் மவுன்ட்டில் இருப்பது இந்த ஏற்றுமதியில் சேராது என்பதையும் உன்னிடம்தான் கற்றேன். அடுத்த ஓட்டத்தில் இன்ஸ்டால் வரிக்குப் பக்கத்தில் 'கேச்டு' என்று விழுந்ததும் நீ நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாயே, அதை மறக்க மாட்டேன்.

அண்ணே, பொது இமேஜ்கள் கிடைக்கும் டாக்கர் ஹப்பில் லாகின் இல்லாமல் இழுத்தால் ஒரு ஐபிக்கு (இணைய முகவரிக்கு) 6 மணி நேரத்தில் 100 முறைதான். மொத்த ஆபீஸும் ஒரே ஐபியில் உட்கார்ந்துகொண்டு அதில் முட்டிக்கொண்டிருந்தோம். ராத்திரியோடு ராத்திரியாக அந்த இமேஜ்களின் நகலை நமக்குள்ளேயே தரும் மிரர் வைத்துக் கொடுத்தீர்கள். கோரிக்கை டிக்கெட்கூட கேட்கவில்லை.

டெஸ்ட் ஜாப் இன்னும் 9 நிமிடம் ஓடுகிறது. திங்கட்கிழமை வருகிறேன் அக்கா, லாகோடு.

அன்புடன்,
ரன்னரைப் பெருசாக்கச் சொன்னவன்