கள்ளுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருநகர பார்களில் பெருகிவரும் காக்டெயில் மோகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கோவாவின் முந்திரிப்பழச் சாராயமான ஃபெனிக்கு 2009-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அது காக்டெயில் கோப்பையிலும் ஏறிவிட்டது. கொழும்பு பார்களில் தென்னஞ்சாராயத்துக்கும் அதே மவுசு. நமக்கோ 1987 முதல் கள்ளுக்குத் தடை. பாட்டில் சரக்குக்குத் தடையில்லை! பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டினால் போதும், பாலக்காட்டுக் கள்ளுக்கடையில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சேர்த்தே கிடைக்கும். காலையில் இறக்கிய கள் இனிக்கும். சாயங்காலத்துக்குள் புளித்து, சுள்ளென்று ஏறும். கலப்படப் பயம் எனக்கும் உண்டு, மறுக்கவில்லை. சரி, கலப்படக்காரரைப் பிடிக்கட்டும். மரம் ஏறுபவரை ஏன் பிடிக்கிறார்கள்?

- தென்னை விவசாயி, பொள்ளாச்சி