அறிவுரை போதும், உதவியாளரைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

மருத்துவக் கல்லூரிகளில் இளம் பெண் ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்வோருக்குப் பஞ்சமில்லை. நிதிக் குழுவிலும் பதவி உயர்வுக் கூட்டத்திலும் அவர்கள் பெயரை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. கனடாவின் சுகாதார ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களை அலசிய ஆய்வு ஒன்று 2019இல் லான்செட் இதழில் வெளியானது. ஆய்வுத் திட்டத்தை எடைபோட்டபோது ஆண், பெண் வெற்றி விகிதம் ஏறக்குறைய சமம். விண்ணப்பித்தவரின் தகுதியை எடைபோட்டபோதோ பெண்கள் 4 சதவீதப் புள்ளிகள் பின்தங்கினர். குறை பெண்களிடமா, எடைபோடுவோரிடமா என்று இதற்குமேலும் விளக்க வேண்டுமா?

அமெரிக்காவில் டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015இல் தொடங்கிய திட்டம், குடும்பத்தினரைப் பராமரிக்கும் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்குக் கூடுதல் நிதி தந்தது; அதில் ஆய்வு உதவியாளரை அமர்த்திக்கொள்ளலாம். பயன் தருவது இத்தகைய ஏற்பாடுதான். பதவி உயர்வுக்குத் தகுதி காட்ட வேண்டிய காலக்கெடுவில் மகப்பேறு விடுப்பைச் சேர்க்காமலும் விட வேண்டும். மகளிர் தினப் பாராட்டு விழாக்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

- மருத்துவப் பேராசிரியை ஒருவர்