மூளைக்குள்ள வழி விடுற ட்யூப் வரையப் போற பொண்ணுக்கு

பாப்பா,

நல்லா இருக்கியா? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். புது டீம்ல, ஆபரேஷன்ல மூளைய ஒதுக்கிப் புடிக்கற சாமான் இருக்கே, அந்த மூளை ரிட்ராக்டர் டிசைன்தான் உன் வேலைன்னு சொன்னதும் எனக்கு சிரிப்பு தாங்கல, நியூரோ தியேட்டர்ல இத்தனை வருஷமா நான் சர்ஜன் கைல எடுத்துக் குடுக்கற சாமானை இனிமே என் பொண்ணு வரையப் போறாளாம். போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிடுவ, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

மண்டையத் திறக்கற எந்த சாமானா இருந்தாலும் அது எங்க நிக்குதுன்னுதான் நான் முதல்ல பாப்பேன். மண்டை எலும்புல ஓட்டை போடற பெர்ஃபரேட்டர் பிட்ட கைல வாங்கிப் பாத்திருக்கியா? உள்ள ஒரு ட்ரில், அதைச் சுத்தி வெளிய இன்னொரு ட்ரில், நடுவுல ஒரு க்ளட்ச். எலும்பு எதிர்த்து நிக்கற வரைக்கும் ரெண்டும் பூட்டிக்கிட்டு ஒண்ணா சுத்தும், எலும்பு முடிஞ்சு முனையில அழுத்தம் விட்டதும் க்ளட்ச் கழண்டு சுத்தறது நின்னுடும். அதுக்கு அடியில இருக்கறது டியூரா, மூளைய மூடியிருக்கற சவ்வு, அதுக்கும் கீழ மூளை, ரெண்டுக்கும் நடுவுல பெருசா இடம்லாம் கிடையாது. ட்ரில் ஓடும்போது சூடு ஏறாம இருக்க பக்கத்துல இருந்து சலைன் ஊத்திட்டே இருப்போம். ஆனா அந்த க்ளட்ச்சயே நம்பி உக்கார முடியாது, செங்குத்தா புடிக்கணும், நடுவுல ஆட்டக்கூடாது, எலும்பு மெலிசா இருக்கற இடத்துலயும் டியூரா எலும்போட ஒட்டிக் கிடக்கற வயசானவங்க கிட்டயும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு சத்தத்தைத்தான் கேட்டுட்டு இருப்போம், எலும்பு முடியப் போகுதுன்னா சத்தமே மாறும்.

அடுத்து க்ரானியோடோம். ஓட்டையில விட்டு எலும்பை வளைச்சு அறுக்கறது, அது முனையில கால் மாதிரி ஒரு சின்ன தகடு இருக்கும், அறுக்க அறுக்க டியூராவ கீழ தள்ளிக்கிட்டே போகும். இது வர்றதுக்கு முன்னாடி கம்பி ரம்பம்தான், ஜிக்லி ஸா. ரெண்டு ஓட்டைக்கு நடுவுல, எலும்புக்கு அடியில கம்பிய விட்டு ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுக்கறது. அதைக் கண்டுபுடிச்ச லியோனார்டோ ஜிக்லி மூளை டாக்டரே கிடையாது, இத்தாலிக்காரர், பிரசவ டாக்டர், 1890கள்ல சிக்கலான பிரசவத்துல இடுப்பெலும்பை அறுக்கறதுக்காக செஞ்சதை மண்டைக்கு எடுத்துக்கிட்டாங்க. உன் டீம்ல யாராவது இது நம்ம ஏரியா இல்லன்னு சொன்னா இதைச் சொல்லு.

சரி, உன் விஷயத்துக்கு வரேன். டியூராவத் திறந்த அப்புறம் ஆழத்துல இருக்கற கட்டிக்குப் போகணும்னா மூளைய ஒதுக்கிப் புடிக்கணும். பழைய முறையில தட்டையான ப்ளேட், அதை ஒரு வளையற கை புடிச்சிக்கும். லெய்லா ரிட்ராக்டர்னு படிச்சிருப்பியே, மைக்ரோஸ்கோப் வச்சு மூளை ஆபரேஷன் பண்றதுல பெரிய ஆளு காஸி யாஷர்கில், அவரு தன் பொண்ணு பேரைத்தான் அதுக்கு வச்சாரு. (நான் எதுக்கும் உன் பேரை வைக்கல, ஸ்கூல்ல சேக்கும்போது வச்சதோட சரி.) ப்ளேட்டுக்கு அடியில ஈரப் பஞ்சு பட்டை வச்சுத்தான் வைப்போம், ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல் தொங்கும், முடிக்கும்போது எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் மூட விடுவேன். ப்ளேட்டோட பிரச்சனை என்னன்னா அது அழுத்தற இடத்துல ரத்த ஓட்டம் குறையும், ஓரம் குத்தற இடத்துல இன்னும் மோசம், நேரம் ஆக ஆக அந்தப் பகுதியே அடிபட்டுப் போயிடும், கட்டிய சுத்தமா எடுத்திருந்தாலும். அதனாலதான் அப்பப்ப தளர்த்தி விடச் சொல்றது, மூளைத் தண்ணிய முதல்ல வடிச்சு மூளைய தளர வைக்கறது எல்லாம். நிலையா நிக்கற ப்ளேட்டே வேண்டாம், கைல இருக்கற, ரத்தத்தை உறிஞ்சற சக்‌ஷனும் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கற பைபோலாருமே போதும்னு சொல்ற சர்ஜன்களும் இருக்காங்க, ராபர்ட் ஸ்பெட்ஸ்லர் 2012-ல அதைப் பத்தி எழுதினதுக்கு அப்புறம் அந்தப் பேச்சு இன்னும் ஜாஸ்தி.

நீ வரையப் போற ட்யூப் வேற மாதிரி. முனை மழுங்கின ஒரு தண்டு உள்ள இருக்கும், அதோட சேத்து மெதுவா இறக்குவாங்க, முடிஞ்சா மூளை மடிப்புக்கு நடுவுல இருக்கற இடுக்கு வழியாவே. சீப்பு நுனியால வகிடு எடுக்கற மாதிரி நரம்பு இழைங்க ரெண்டு பக்கமும் ஒதுங்கணும், அறுபடக்கூடாது. அப்புறம் தண்டை உருவிட்டா ட்யூப் வழியா வேலை, அழுத்தம் சுத்திலும் பரவிடும். 2024-ல வந்த ட்ரையல் பாத்திருப்ப, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்ச 300 பேரு, 24 மணி நேரத்துக்குள்ள இப்படி ட்யூப் வழியா ரத்தக்கட்டிய எடுத்தவங்க மருந்து வைத்தியம் மட்டும் எடுத்தவங்கள விட 6 மாசம் கழிச்சு நல்லா இருந்தாங்க. ஆனா ப்ரோஷர்ல பெருசா போட மாட்டாங்க, அந்த பலன் மேல் பக்கக் கசிவுலதான் தெரிஞ்சது, ஆழத்துல கசிஞ்சவங்களுக்குத் தெரியல.

இப்ப நான் பக்கத்துல நின்னு பாக்கறத சொல்றேன், இதை நோட்ல எழுதிக்கோ. ட்யூப்புக்குள்ள ரெண்டு சாமான் போனா இடம் முடிஞ்சுது, அதனாலதான் கழுத்து வளைஞ்ச பேயனெட் சாமானா கேப்பாங்க, இல்லன்னா கையே பார்வைய மறைச்சிடும். ரத்தம் வந்தா அந்தக் கிணத்துல ஒண்ணும் தெரியாது, சக்‌ஷன் போக இடம் வேணும். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தா வெளிய இருக்கற மூளைய பாக்கலாம், ஆனா மைக்ரோஸ்கோப் வெளிச்சம் பட்டு பளபளன்னு அடிச்சா சர்ஜன் எரிச்சலாயிடுவாரு. எல்லாத்துக்கும் மேல, சைட்ல கொஞ்சம் பாக்கணும்னு ட்யூப்ப சாய்ப்பாங்க பாரு, சாய்ச்சா அடி விளிம்பே ப்ளேட் மாதிரி அழுத்த ஆரம்பிச்சிடும், அதனால அந்த விளிம்பு ரவுண்டா இருக்கணும், எவ்வளவு சாய்ச்சிருக்குன்னு வெளிய இருந்தே தெரியணும். சாமான் மூளையில எங்க இருக்குன்னு ஸ்கேன் படத்துல காட்டுற நேவிகேஷன் ஸ்க்ரீனையும் முழுசா நம்பாதீங்க, ஸ்கேன் எடுத்தது டியூரா திறக்கறதுக்கு முன்னாடி, தண்ணி வடிஞ்சதும் மூளை இடம் மாறிடும்.

கழுவறதப் பத்தி டிசைன் பண்றவங்க யோசிக்கறதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாள் கோவம். மூளையத் தொட்ட சாமான் மத்த சாமான் மாதிரி கிடையாது, ப்ரையான்னு நோய் உண்டாக்கற ஒரு புரதம், சாமானை ஆவியில சுத்தம் பண்ற சாதாரண ஆட்டோக்ளேவுக்கு அழியாது. 1977-ல வெளிவந்த ஒரு கேஸ் இருக்கு, சிஜேடின்னு ப்ரையானால மூளை அழியற நோய் வந்த ஒருத்தர் மூளையில வச்ச எலக்ட்ரோட ஆல்கஹால், ஃபார்மால்டிஹைட்ல சுத்தம் பண்ணி வலிப்புக்கு வந்த ரெண்டு பேருக்கு வச்சாங்க, ரெண்டு பேருக்கும் அந்த நோய் வந்துடுச்சு. திரும்ப யூஸ் பண்ற மாதிரி செஞ்சா பிரிச்சுக் கழுவ முடியணும், ப்ரஷ் போகாத மூலை ஒண்ணு கூட இருக்கக்கூடாது. முடியலன்னா ஒரு தடவை யூஸ்னு நேரா போட்டுடு.

முதல் மாடல் கைக்கு வந்ததும் ரெண்டு ஜோடி க்ளவுஸ் போட்டு, சலைன்ல கைய நனைச்சுட்டு அதைப் பூட்டிக் கழட்டிப் பாரு, லைட்டையும் அணைச்சுட்டு பாரு, தியேட்டர்ல மைக்ரோஸ்கோப் ஓடும்போது பாதி நேரம் இருட்டுதான். வழுக்குச்சுன்னா வீடியோ எடுத்து அனுப்பு, நைட் டூட்டி இல்லாத நாள்ல பாத்துட்டு திட்டறேன்.

அம்மா