பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

பாப்பா,

அகில் மரத்தில் வாசனை உண்டாவது பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டேன். அறிவியல் டீச்சராக இருந்தவளுக்கே ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் மண்டையில் ஏறுகிறது. அப்பா உன் பெயர் வந்த முதல் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, தண்ணீர்மலைக் கோவிலில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினார். வீடியோ காலில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் போன் போட்டுத் திருத்து, அந்தச் சாக்கிலாவது போன் வரட்டும். வாசனைப் பொருள் செய்யும் ஜீன்களை முடுக்கிவிடுவது மிக் 2 என்ற புரதம். ஜாஸ் என்ற இன்னொரு புரதம் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. காயம் பட்டால் ஜாஸ்மோனிக் அமிலம் சுரக்கிறது (இதன் மீதைல் வடிவம் 1962இல் பிச்சிப்பூ எண்ணெயில் கிடைத்ததாமே, அது எனக்குப் பிடித்தது). அந்த அமிலம் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஜாஸைக் கோய் 1 என்ற புரதத்தோடு ஒட்டவைக்க, செல் ஜாஸைச் சிதைத்துவிடுகிறது, மிக் 2 விடுபடுகிறது. ஜாஸைக் கண்டுபிடித்ததே 2007இல்தான், அப்போது நீ ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சை கூட எழுதவில்லை.

கோப்பேங் பக்கம் காரஸ், அதாவது அகில் மரத் தோட்டம் பார்த்தோமே. தண்டு முழுக்க டிரில் போட்ட ஓட்டை, சுற்றிலும் கறுத்த கட்டை. பூஞ்சை ஏறாமலிருக்க மரம் சுரக்கும் பிசின் ஊறிய கட்டையைத்தான் அகில் என்று தணலில் போடுகிறோம். நான் இதைச் சொன்னதும் உன் அத்தை, "காயம் பட்டால்தான் மணக்கும், பொம்பளையும் அப்படித்தான்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. காயமே படாத காரஸ் கட்டை வெளுப்பாக, லேசாக, வாசனையில்லாமல் இருக்கும், அதனால் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை, அது பாட்டுக்கு வளரும், பூக்கும், காய்க்கும். வாசனை வேண்டியது ஓட்டை போட்டவனுக்குத்தான்.

நெத்திலி சம்பல் அனுப்பினேன், வந்ததா? நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டால் லைன் சரியில்லை என்கிறாய். சரி, கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, அதை மட்டும் செய்.

அப்புறம், பின்னறையில் இருந்த தையல் மெஷினை ஹாலுக்குத் தள்ளியாயிற்று. உன் மேசையைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். டிக்கெட் காசு நான் தருகிறேன், ஏன் வந்தாய் என்று அப்பா கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன். ரெண்டு பேராகத்தான் வர வேண்டும் என்றில்லை.

அம்மா