உள்ளே முப்பதடி, வெளியே பன்னிரண்டடி

மனைப்பிரிவு வரைபடங்களில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு ஊராட்சியில் 31 வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு ஊர்க் கதை என்று மடித்து வைத்துவிடுவீர்கள். சீவலப்பேரி ரோடானாலும் சரி, தூத்துக்குடி ரோடானாலும் சரி, அம்பாசமுத்திரம் ரோடானாலும் சரி, திருநெல்வேலியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வயல் மனையாகும் இதே கதைதான்.

1993-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, அப்புறம் நாலு குக்கிராமம், அவ்வளவுதான் என் பாடு. உறையில் ‘சுடலைமாடன் கோயில் எதிர் வீடு’ என்று இருந்தாலே போதும், போய்ச் சேர்ந்துவிடும். இப்போது எல்லாம் நகர்கள். மனை விற்றவரின் அம்மா பேரில் ஒன்று, அவர் கும்பிடும் சாமி பேரில் ஒன்று, மகள் பேரில் ஒன்று. ஒரே பேரில் இரண்டு நகர் வேறு. ஒரு நகருக்கு வந்த நகைக்கடன் நோட்டீசை இன்னொன்றில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டையையே இழுத்துவிட்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். ஓய்வு பெற்ற பிறகும் கூரியர் பையன்கள் எனக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, மேப்பு வாய்க்காலுக்குள்ள எறங்கச் சொல்லுது” என்கிறார்கள். மேப்பு பொய் சொல்லவில்லை. அந்தத் தெரு இருக்கும் இடத்தில் வாய்க்கால்தான் இருந்தது.

நிலத்தை விற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. நானும் விற்றவன்தான். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்தால் கார் நெல் உண்டு, திறக்காவிட்டால் பின்னால் வரும் பிசான நெல் மட்டும் என்று கடைமடையில் உட்கார்ந்து எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்? பக்கத்து வயல்காரர் கொடுத்ததும் எனக்கு வண்டிப்பாதையும் போயிற்று, தண்ணீர் வரத்தும் நின்றது. மகள் கல்யாணம் வந்தது. 22 சென்ட்டைக் கொடுத்துவிட்டேன். நான் நாற்றுப் பாவிய இடத்தில் இன்று நாலு வீடு நிற்கிறது. அந்த வாசல்களில் நின்று கையெழுத்து வாங்கிப் பதிவுத் தபால் கொடுக்கும்போது முதலில் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

வந்து குடியேறியவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஓய்வு பெற்ற டீச்சர், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், மகன் துபாயில் இருக்கும் அப்பா அம்மா, டவுனுக்குள் இடம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, இவர்களில் பல பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது, பணம் கட்டி மூச்சுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த நகர்களில் எல்லாம் ‘டிடிசிபி அப்ரூவல், ரேரா பதிவு’ என்று நகர் நுழைவு வளைவிலேயே எழுதியிருக்கிறது. முதலாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, இரண்டாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு. நல்லதுதான். வாங்குகிறவர் போட்ட பணத்துக்கு அது காவல். ஆனால் அந்த மனைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால் அந்த போர்டில் பதில் இல்லை.

நான் சொல்ல வந்ததே அதுதான். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது உங்கள் அலுவலகம். உள்ளே இருக்கும் ரோட்டையும் பூங்கா இடத்தையும் மனைக்காரர் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்துவிடுகிறார். அன்றைக்கே அவர் வேலை முடிந்தது, உங்கள் வேலையும் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து தெருவிளக்கு பில், குழி விழுந்த ரோடு, குப்பை, தண்ணீர், சாக்கடை எல்லாம் ஊராட்சியின் தலையில். தானம் வாங்கியவன் கடனாளி ஆவதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் முப்பதடி ரோடு, இரண்டு கார் தாராளமாக விலகிப் போகலாம். வளைவைத் தாண்டி வெளியே வந்தால் எங்கள் ஊர் ரோடு, தார் போட்ட அகலம் பன்னிரண்டடி. அது மாட்டுவண்டியும் நகரப் பேருந்தும் போவதற்கென்று போட்டது. காலையில் எட்டரை மணிக்கு அதில் பள்ளி வேன்கள், ஆற்று மணல் இல்லாததால் எம்சாண்ட் ஏற்றி வரும் டிப்பர், டூவீலர், அதற்கு நடுவில் ஆடுகள். உங்கள் வரைபடத்தில் முப்பதடிக்குச் சிவப்புக் கோடு இருக்கிறது. பன்னிரண்டடி, தாளுக்கு வெளியே போய்விட்டது.

பூங்கா இடத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டாம். அதில் சீமை உடைமுள், அதாவது சீமைக் கருவேலம், நன்றாக வளர்ந்திருக்கிறது.

தண்ணீருக்கு வருகிறேன். ஜல்ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறீர்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் அதே ஆளுக்கு 135 லிட்டர். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும். ஒரு தடவை நிறைந்தால் 55 கணக்குக்கு 545 பேருக்குக் காணும். இப்போது 120 மனை உள்ள ஒரு நகரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 480 பேர், 26,400 லிட்டர். அதாவது நீங்கள் போடும் ஒரு கையெழுத்து எங்கள் தொட்டியில் ஏறக்குறைய ஒரு தொட்டியைக் குடித்துவிடுகிறது. அதுவும் அவர்கள் கிராமத்துக் கணக்கில் குளித்தால். மாடியில் சின்டெக்ஸ், தரைக்கடியில் சம்ப், வாசலில் கார் என்று டவுனைப் போலவே வாழ வந்தவர்கள் 55 லிட்டரில் எப்படி நிற்பார்கள்? நின்றால்தான் ஆச்சரியம்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுகிறார்கள். புது வீடுகளில் குழாயோடு மோட்டாரைக் கோத்து உறிஞ்சி சம்ப்பை நிறைத்துக்கொள்கிறார்கள். கூடாதுதான், கேட்டால் “எல்லாரும் செய்யுதாங்க சார்” என்கிறார்கள், அதுவும் உண்மைதான். மேலத்தெருக் கடைசியில் இருக்கும் பொதுக்குழாய்க்கு வேகம் கிடையாது. அதனால் குழாயைத் தாழ்த்தி, தாழ்த்தி, இப்போது அது தரைக்குக் கீழே இடுப்பளவு குழியில் இருக்கிறது. குழியில் இறங்க மூன்று கல் படி. ஒரு ஆள் குத்தவைத்து உட்காரலாம், ஒரு குடம் வைக்கலாம். மழை பெய்தால் அந்தக் குழியில் தேங்கும் சேற்றுத் தண்ணீர் குழாய் வாயைத் தொடும். அங்கே தினம் நிற்கும் ஒரு ஆச்சிக்கு முதியோர் பென்ஷன் நான்தான் கொடுத்து வந்தேன். ஒருநாள் சொன்னாள்: “எய்யா, எறங்கிருதேன். குடத்தோட ஏறும்போதுதான் ஒரு கை வேணும்.” கை கொடுத்து ஏற்றிவிட்டு, சைக்கிளில் ஏறி அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே பச்சை ஓஸ் பைப்பை வைத்து ஒருவர் சிமெண்ட் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரும் எனக்கு வேண்டியவர்தான், தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருபவர்.

தாமிரபரணி பக்கத்தில்தான் ஓடுகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் வரை வற்றாத ஆறு என்று படித்தோம். அதில் உறைகிணறு போட்டு விருதுநகர் மாவட்டம் வரை குடிநீர் போகிறது. போகட்டும். ஆற்றங்கரை ஊரின் குழாய் குழிக்குள் இறங்கியதற்கு ஆறு காரணமில்லை. தொட்டியும் குழாயும் பழைய ஊருக்குப் போட்டவை. ஊர் அவற்றைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே போன தண்ணீர் வெளியே வர வேண்டுமே. பாதாளச் சாக்கடை மாநகராட்சியிலேயே எல்லாத் தெருவுக்கும் இல்லை, எங்களுக்கு எங்கே? வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் என்று வரைபடத்தில் இருக்கிறது. கட்டும்போது பலதும் அடி பூசாத உறைகளாகவே போகின்றன. பதினைந்தடி தள்ளி போர்வெல். அஞ்சு சென்ட்டில் அதற்கு மேல் எங்கே தள்ள? நிறைந்தால் லாரி வரும். பகலில் உறிஞ்சிய லாரி ராத்திரியில் எங்கே காலி செய்கிறது என்பது கடைமடை வயலில் விடிகாலை மண்வெட்டியோடு இறங்குகிறவனுக்குத் தெரியும். நாற்றத்திலேயே தெரிந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்ததை டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் ஊரில் புகுந்தது ஆறு இல்லை, எங்கள் குளம். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்த தண்ணீர் ஓடை வழியாக வடிய வேண்டும். ஓடை ஒரு நகருக்குள் வந்ததும் இரண்டடி சிமெண்ட் குழாயாக மாறிவிட்டது. இரண்டடிக் குழாய்க்குள் போகாத தண்ணீர் முப்பதடி ரோட்டில் போனது. 1992 நவம்பர் வெள்ளத்திலும் இதே குளம் மறுகால் பாய்ந்தது, இதே இடத்தில்தான். அப்போது வயல் முங்கியது, நாற்று போனது, மூன்றாம் நாள் வடிந்தது. இந்தத் தடவை கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் முங்கியது. அதற்கடுத்த இரண்டு மாதம் என் பையில் என்ன கனம் என்று நினைக்கிறீர்கள்? புது ஆதார் கார்டு, புது பான் கார்டு, புது ஏடிஎம் கார்டு. அந்த நகரில் ஒரு தெரு முழுக்க வீட்டுக்கு வீடு நின்று கையெழுத்து வாங்கினேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் செம்மண் கோடு. ஒரு அம்மா கேட்டார்கள், “அண்ணாச்சி, இது தண்ணி வர்ற இடம்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே?” நான் என்ன சொல்ல? எனக்குத் தெரியும். மனையை நெல் வயலாகப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை.

பணம் எங்கே என்று ஊராட்சித் தலைவரைக் கேட்டால் அவர் கையை விரிக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியம் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பங்கு பிரித்தது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளி 2027-க்கு வந்திருக்கிறது. 2011-ல் எங்கள் ஊரில் இந்த நகர்களில் பாதி, நெல் விளைந்த பூமி. நெல்லுக்குத் தலை எண்ணி யாரும் பணம் தருவதில்லை. ஆக, இன்று இருக்கும் ஊருக்கு அன்று இருந்த ஊரின் பணம். வீட்டு வரி இருக்கிறதே என்பீர்கள். அந்த வரியில் மோட்டார் சுருள் மாற்றவே சரியாகிவிடுகிறது.

துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. எங்கள் நர்சம்மாவின் ரிஜிஸ்டர் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது, பேறுகாலப் பெண்களைத் தேடி நகர் நகராக ஸ்கூட்டியில் அலைகிறார். பள்ளிக்கூடத்தில் மட்டும் தலைகீழ். ஊரில் ஆள் பெருகப் பெருக அரசு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். புதிதாக வந்தவர்கள் வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புகிறார்கள், அதைப் பார்த்து எங்கள் தெருக்காரர்களும் அனுப்புகிறார்கள்.

மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சேர்த்தால் வரி உடனே கூடும், குழாய் எப்போது வருமோ தெரியாது. கிராமங்களுக்கென்று உள்ள ‘நூறு நாள் வேலை’ போய்விடுமே என்று எங்கள் பெண்கள் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. அந்தப் பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். மனைப்பிரிவுக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது அதில் ஒரு தாள் கூடுதலாக இருக்கட்டும். எத்தனை மனை, எத்தனை பேர், எத்தனை லிட்டர், அது எந்தத் தொட்டியிலிருந்து, அந்தத் தொட்டியில் இப்போது மிச்சம் உண்டா. கழிவு எங்கே போகும், லாரி எங்கே கொட்டும். மழைத் தண்ணீர் எந்த ஓடையில் வடியும், அந்த ஓடையின் அகலம் பழைய புல வரைபடத்தில் எவ்வளவு. வெளியே இருக்கும் ரோடு எத்தனை அடி. இவ்வளவுதான். மிச்சம் இல்லை என்றால் புதுத் தொட்டிக்கான பணத்தை மனைக்காரரிடம் முதலிலேயே வாங்கி, இந்த ஊர்க் கணக்கில் போடுங்கள். மனையை விளம்பரம் செய்து வேன் வைத்து ஆள் கூட்டி வருகிறவருக்கு ஒரு தொட்டி பெரிய செலவில்லை. அனுமதிக்கென்று கட்டணங்கள் இப்போதும் வாங்கத்தானே செய்கிறீர்கள், அதில் எங்கள் ஊருக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

அந்தத் தாளைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறோம், மார்ச் 22 தண்ணீர் தினத்துக்குக்கூட ஒன்று வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். எந்தப் புலத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்று சொல்ல எங்கள் ஊரில் இன்னும் ஏழெட்டுக் கிழவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் காது கேட்காது, சத்தமாகக் கேட்க வேண்டும்.

குளத்துக்குக் கீழ்ப்புறம் போன மாதம் புதிதாக மஞ்சள் கல் ஊன்றியிருக்கிறார்கள். கொடியும் கட்டியாயிற்று. அதன் கோப்பு உங்களிடம்தான் வரும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை நேரில் வாருங்கள். மத்தியானம் வேண்டாம், தண்ணீர் விடும் நாளாகப் பார்த்துக் காலை ஐந்தரைக்கு வந்தால் மேலத்தெருக் குழியையும் பார்த்துவிடலாம். நான் சைக்கிளில் முன்னால் போகிறேன். காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுங்கள். திரும்பிப் போக நேரமாகி எதிரே பள்ளி வேன் வந்துவிட்டால், ரிவர்ஸ் எடுக்க இடமில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராமத் தபால்காரன்