629001: பேரனின் கேள்விக்கு விடை

நாகர்கோவில்

அன்புள்ள மகளுக்கு,

நேந்திரங்காய் சிப்ஸ் பொதியின் மேலிருந்த நம் அஞ்சல் எண் 629001 பகா எண்தானா என்று உன் மகன் தொலைபேசியில் கேட்டபோது, ஒன்றில் முடிகிறதே என்ற ஒரே காரணத்தால் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அஞ்சலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த எண்ணை எழுதிய எனக்கு, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 18 வரும், ஆகவே அது 9-ஆல் வகுபடும் என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் மழை விடவில்லை. கட்டஞ்சாயாவோடு திண்ணையில் உட்கார்ந்து 9-ஆல் வகுத்தேன், 69889 வந்தது. இதன் இலக்கக் கூடுதல் 40 என்பதால் இனி 3-க்கு இடமில்லை. 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கல் 1001 ஆகையால், 889-இலிருந்து 69-ஐக் கழித்துக் கிடைக்கும் 820-ஐ அவற்றால் வகுத்து என்ன மீதி வருகிறதோ அதுவே 69889-க்கும் மீதியாகும். 7-க்கும் 13-க்கும் ஒன்று, 11-க்கு ஆறு. அதன் பின் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது, 17-இலிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனேன். 29-இல் மீதி 28 வந்தது. ஒன்று கூடியிருந்தால் தீர்ந்திருக்கும், எரிச்சலாகத்தான் இருந்தது. கடைசியில் 47 மீதியின்றி வகுத்து 1487-ஐக் கொடுத்தது. இந்த 1487-ஐத் தனியே சோதிக்க வேண்டியதில்லை: அதன் வர்க்கமூலம் 39-க்கும் குறைவு, அதற்கு உட்பட்ட பகா எண்கள் எல்லாம் 69889-இடமே தோற்றுவிட்டன. ஆகவே 629001 என்பது 3 × 3 × 47 × 1487. தன்னையும் ஒன்றையும் சேர்த்து அதற்கு 12 வகுஎண்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நம் பகுதியைக் குறிக்கும் முதல் மூன்று இலக்கங்களான 629-ஐ மட்டும் எடுத்தால், அது 25-இன் வர்க்கமும் 2-இன் வர்க்கமும் சேர்ந்தது; 23-இன் வர்க்கமும் 10-இன் வர்க்கமும் சேர்ந்ததும் அதுவே. முழு எண்ணான 629001-ஐயோ எந்த இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுத முடியாது. நான்கால் வகுக்க மூன்று மீதி வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்தால்தான் அது இயலும். இங்கே 3 இரு முறை வந்து தப்பிவிடுகிறது, 47-உம் 1487-உம் ஒற்றையாக நின்று தடுக்கின்றன. 629-இன் காரணிகளான 17, 37 இரண்டுக்கும் மீதி ஒன்றே என்பதால் அங்கே சிக்கலில்லை.

வகுத்துப் பார்த்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். 31-க்கு நேரே முதலில் தவறாகக் கழித்து, அடித்துத் திருத்தியிருக்கிறேன். அந்த இடத்தையும் பிள்ளையிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா