தராசுப் படம் பாடம் ஆகாது

ஆசிரியருக்கு,

வழக்கறிஞர்களுக்கும் நிறுவனங்களின் சட்டப் பிரிவினருக்கும் நடத்தப்படும் இணையவழிப் பயிற்சிகளில் ஓவியமும் அனிமேஷனும் இப்போது தாராளமாக வருகின்றன. வரவேற்கிறோம். ஆனால் பெரும்பாலானவற்றில் தராசு, சுத்தியல், கைகுலுக்கும் இருவர் என்பதைத் தாண்டிப் படம் போவதில்லை. எடுத்துவிட்டாலும் பாடத்தில் ஒன்றும் குறையாத படம், கவனத்தைத்தான் தின்கிறது.

சட்டத்தில் படம் உண்மையாகவே உதவும் இடங்களில் முக்கியமானவை இரண்டு: யாருக்கு யாரோடு என்ன உறவு, எது முதலில் எது பிறகு. உறவுக்கு அசையாத வரைபடமே போதும். தாய் நிறுவனம், துணை நிறுவனம், கடன் கொடுத்த வங்கி, உத்தரவாதம் தந்தவர் எல்லோரையும் கட்டம் போட்டு அம்புக்குறியால் இணைத்துவிட்டால், கற்பவர் தன் வேகத்தில் பார்த்துக்கொள்வார். இதையே ஓடவிட்டால், நான்காவது கட்டம் வரும்போது முதலாவது மறந்திருக்கும்.

காலவரிசைக்குத்தான் அனிமேஷன் வேண்டும். 1880இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கைப் பாருங்கள். தகரத் தகடு விற்க முன்வந்து கார்டிஃபிலிருந்து நியூயார்க்குக்கு அக்டோபர் 1 அன்று கடிதம் போகிறது. 8ஆம் தேதி, அதை ரத்து செய்து விற்பவர் இன்னொரு கடிதம் போடுகிறார். 11ஆம் தேதி முதல் கடிதம் கிடைத்ததும் வாங்குபவர் அன்றே தந்தியில் ஒப்புக்கொள்கிறார். ரத்துக் கடிதம் வந்து சேர்ந்தது 20ஆம் தேதி. ரத்து, போய்ச் சேர்ந்தால்தான் செல்லும். ஆகவே ஒப்பந்தம் உண்டு என்றது நீதிமன்றம்.

பத்தியாகப் படித்தால் தேதிகள் குழம்பும். திரையின் இரு ஓரங்களில் இரண்டு ஊர்கள், கீழே தேதிக் கோடு, கடலில் முன்னும் பின்னுமாக இரண்டு கடிதங்கள் என்று காட்டினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. 11ஆம் தேதி தந்தி போய்விட்டது, ரத்துக் கடிதம் இன்னும் நடுக்கடலில். அங்கே நிறுத்தி, ‘இப்போது ஒப்பந்தம் இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். கற்பவர் பதில் சொன்ன பிறகே படம் நகர வேண்டும்.

திரையில் உள்ள பத்தியை அப்படியே குரலிலும் வாசிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கண்ணும் காதும் ஒரே சொற்களை வெவ்வேறு வேகத்தில் வாங்கித் தடுமாறும். அசைவு ஓடும்போது குரல் மட்டும் பேசட்டும். சட்டப் பிரிவின் சொற்களே முக்கியம் என்றால், அசைவையும் குரலையும் நிறுத்திவிட்டு வாசகத்தை மட்டும் காட்டலாம்.

சட்டப் பாடத்துக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ‘பொருளை எடுத்துச் சென்றார்’ என்பதுதான் கதை. ஓவியர் அவரைத் திருட்டு முழியுடன் வரைந்துவிடுகிறார். கெட்ட எண்ணம் இருந்ததா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அந்த முகமே பதிலைச் சொல்லிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு காட்சிப் படத்தையும் வழக்கின் சங்கதிகளோடு வழக்கறிஞர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதையும் காட்சிகளை வரிசையாகப் பென்சில் கோட்டில் வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு நிலையிலேயே செய்துவிட வேண்டும். அங்கே திருத்தம் சில நிமிட வேலை. அனிமேஷன் முடிந்த பிறகு என்றால் குரல்பதிவு, நேர அளவு, வசனவரி எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டும்.

பிரிவு எண், கெடு நாள், அபராதத் தொகை ஆகியவற்றை ஓவியத்துக்குள் வரையவோ குரலில் சொல்லவோ கூடாது. படத்தின் மேல் தனியாக வைக்கும் எழுத்து அடுக்கில் வைக்க வேண்டும்; சட்டம் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும். குரல் ‘இந்தப் பிரிவு’ என்றால் போதும். வாதியையும் பிரதிவாதியையும் நிறத்தால் மட்டும் பிரித்தால் நிறக்குறைபாடு உள்ளவர்கள் தவிப்பார்கள். வடிவமும் வேறுபட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு (contrast) குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் தேவை.

பயிற்சியை வாங்கும் நிறுவனங்கள் பளபளப்பான மாதிரிக் காணொளியைக் கேட்பதற்கு முன், சட்டம் திருத்தப்பட்டால் எந்தெந்தக் கோப்பை மாற்ற வேண்டியிருக்கும், யார் மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
இணையவழிச் சட்டப் பாடங்களை வடிவமைக்கும் குழுவினர்